நாலாம் தாடை

குரு என்றால் நரைத்த தாடி இருக்க வேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. மருதாசலத்தின் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் கோகிலவாணி. கோயமுத்தூர் கணபதியில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் லேத் வைத்து மரக் கிண்ணம் கடைகிறவர்.

சீடருக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கோபம் மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. ரோட்டில் எவனாவது கை காட்டாமல் திரும்பினால், அவன் வீடு போய்ச் சேர்ந்து காப்பி குடித்து முடிக்கிற வரை இவர் திட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் குரு அவர் கையில் உளியைக் கொடுக்கவில்லை. லேத்துக்குப் பக்கவாட்டில் ஒரு இடத்தைக் காட்டினார்.

"சுவிட்சு போடறப்ப இங்க நில்லுங்ணா. மரம் சுத்தற நேருக்கு நிக்காதீங்க."

"ஏனுங்க அம்மணி?"

"கழண்டா நேராத்தான் வரும்."

முதல் வாரம் முழுக்க அதே பாடம். சுவிட்சைப் போடு, ஒதுங்கி நில். நிற்பதற்குக் கற்றுக்கொள்ளவா பெட்ரோல் போட்டுக்கொண்டு தினமும் வருகிறேன் என்று மருதாசலத்துக்கு அதற்கும் ஒரு கோபம். ஆனாலும் கற்றுக்கொண்டார். ஆறே மாதத்தில் வீட்டுப் போர்டிகோவில் சின்னதாக ஒரு லேத்தும் வாங்கிப் போட்டுவிட்டார்.

அதில் மரத்தைப் பிடிக்க இருந்தது ஒரு இரும்புத் தகடுதான். தகட்டில் ஸ்குரூ முடுக்கி மரத்தைப் பொருத்த வேண்டும். கிண்ணம் முடிந்து கழற்றினால் அடியில் நாலு ஓட்டை இருக்கும். அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் கடுகு போட்டு வைத்தார். அடுப்படி முழுக்கக் கடுகு ஓடியது.

"நாலு ஓட்டையச் சுத்தி நல்லா அழகாக் கிண்ணம் கட்டியிருக்கீங்க" என்றார் மனைவி.

இதைக் கேட்டபிறகு மனுஷன் எப்படிச் சும்மா இருப்பார்? செவ்வாய்க்கிழமை குருவிடம் போய் நின்றார்.

"அம்மணி, எனக்கு ஒரு சக்கு வேணுமுங். நாலு தாடை இருக்குமே, சாவியத் திருகுனா நாலும் ஒட்டுக்கா வந்து மரத்தோட அடியக் கவ்விக்குமே, அது. நல்ல கம்பெனிச் சக்கு பதினஞ்சாயிரம் சொல்றாங்க. பென்ஷன்காரன் எங்க போவேன்? கம்மி விலையில ஒண்ணு சொல்லுங்."

"கம்மி விலையில நல்லதும் இருக்குதுங்ணா, கெட்டதும் இருக்குது. டப்பாவப் பாத்துச் சொல்ல முடியாது. நாலு தாடையவும் வெளிய எடுத்துப் பாத்துத்தான் வாங்கோணும். அடுத்த வாரம் நானும் கூட வர்றேன்."

"அடுத்த வாரமா?"

"ஆமாங்ணா."

அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தால் அவர் மருதாசலமே இல்லையே. புதன்கிழமை காலையில் டவுன் ஹால் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு சக் வாங்கிவிட்டார். டப்பா டேப் போட்டு ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் கதிரேசன், "காசக் குடுத்துட்டு வீட்ல போய்ப் பிரிங்க" என்றார். சரி என்று வாங்கி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கிண்ணம் பறந்தது.

நல்ல பலா மரம். முக்கால்வாசி கடைந்தாயிற்று. சுவிட்சைப் போட்டார். மோட்டார் வேகம் எடுத்தது. டக்கென்று ஒரு சத்தம். என்ன ஏது என்று புரிவதற்குள் போர்டிகோவின் கம்பிக் கதவு அதிர்ந்து ஓய்ந்தது. கிண்ணம் இரண்டு துண்டாகக் கீழே கிடந்தது.

கதவுக் கம்பி ஒன்று வளைந்திருந்தது. மருதாசலம் அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். வளைவு சரியாக அவர் மூக்கு உயரத்தில் இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். கோபம் வந்தது.

சக்கைக் கழற்றி, சாவி போட்டுத் தாடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மூன்று தாடைகள் சரியாக இருந்தன. நாலாம் தாடையின் உள்பக்கத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. இன்றைக்கு உடைந்ததில்லை, முறிந்த இடத்தில் பழைய துரு இருந்தது. துரு வெளியே தெரியாமல் எவனோ அதன்மேல் கிரீஸை அப்பி வைத்திருந்தான். கையில் வைத்துச் சுற்றினால் ஒரு குறையும் தெரியாது. வேகமாக ஓடும்போதுதான் அந்தத் தாடை நழுவும்.

"அட கெரகமே! ஆளைக் கொல்றதுக்குன்னு கிரீஸ் தடவி வித்திருக்கறானே!"

சனிக்கிழமை காலையில் கதிரேசன் ஷட்டரைத் தூக்கும்போதே மருதாசலம் உள்ளே நுழைந்துவிட்டார். சக்கையும் நாலாம் தாடையையும் மேசைமேல் வைத்தார்.

"பாருய்யா இத!"

"என்னங்க?"

"நேத்து என்ற மூக்கு போயிருக்கும். ஒதுங்கி நின்னதால பொழச்சேன்."

கதிரேசன் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழட்டுனது நீங்க. உடைச்சதும் நீங்களாத்தான் இருக்கோணும்."

"துருவப் பாருய்யா, துருவ! நேத்து உடைஞ்சதுல இன்னிக்குத் துரு ஏறுமா? முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவனுக்குப் பழைய முறிவு எது, புது முறிவு எதுன்னு தெரியாதா?"

"மூவாயிரத்துக்கு வாங்கிட்டு, பதினஞ்சாயிரத்துச் சக்கு மாதிரி ஓடோணும்னா எப்படிங்க?"

அவ்வளவுதான். அந்த வார்த்தை மருதாசலத்தின் உச்சி மண்டையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"என்னய்யா சொன்ன? கம்மி விலைக்கு வாங்கறவன் உசுருக்கும் கம்மி விலையா? பத்து வருஷம் கம்மியா ஓடட்டும், நான் கேக்கல. வழுவழுப்பு கம்மியா இருக்கட்டும், கேக்கல. ஆளைக் கொல்றதுக்கு உனக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது?"

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு எட்டுகிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். கடைக்குள் கால் வைத்த ரெண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். கதிரேசன் அதைப் பார்த்தார். டிராயரைத் திறந்து பணத்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

"வாங்கிட்டு இடத்தக் காலி பண்ணுங்க. காலங்காத்தால வந்து ரவுசு பண்ணிக்கிட்டு."

மருதாசலம் பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருவில் நின்ற அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குருவின் ஷெட்டுக்குத்தான் போனார். ஜெயித்த கதையை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

குரு ஒரு வேப்பமரக் கிண்ணத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். மருதாசலம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். கதிரேசன் முழித்த முழியையும் விடவில்லை.

"நம்மகிட்டயா நடக்கும்? முழுப் பணத்தையும் வாங்கிட்டு வந்துட்டேன் அம்மணி!"

"அடி ஒண்ணும் படலீங்களே?"

"ஒண்ணுமில்லீங். நீங்க சொன்ன மாதிரி ஒதுங்கித்தான் நின்னேன்."

"சரிங்ணா. சக்கு எங்க?"

"அவன்கிட்டத்தான். எனக்கு எதுக்கு அந்தச் சனியன்?"

"அவரு அத என்ன பண்ணுனாரு?"

"என்ன பண்ணுவான்? நான் வண்டியக் கிளப்பறதுக்குள்ள தாடைய உள்ள முடுக்குனான். துணியில தொடச்சான். டப்பாவுல போட்டு டேப் ஒட்டி அலமாரியில ஏத்திட்டான்."

குரு உப்புத்தாளைக் கீழே வைத்தார். மூலையில் கிடந்த ஸ்டூலைத் தூக்கி வந்து, லேத்துக்கு முன்னால், மரம் சுற்றுகிற நேருக்குப் போட்டார். தன்னுடைய சக்கில் ஒரு கட்டையை மாட்டி முடுக்கினார். சுவிட்சைப் போட்டார். கட்டை விர்ரென்று சுற்றியது.

"உக்காருங்ணா."

"எங்க?"

"ஸ்டூல்ல."

"அம்மணி, அது நேருக்கு நேரா இருக்குது."

"என்ற சக்கு நல்ல சக்குங்ணா. பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடக் கழண்டதில்ல. உக்காருங்க."

"ஆயிரம் நல்ல சக்கா இருக்கட்டும். நான் உக்கார மாட்டேனுங்."

குரு சுவிட்சை அணைத்தார். கட்டை மெதுவாகச் சுற்றி நின்றது.

"அப்ப, அங்க யார உக்கார வெச்சுட்டு வந்தீங்க?"

மருதாசலம் ஸ்டூலைப் பார்த்தார்.  புரிந்ததும் கோபம்தான் வந்தது. அவருக்கு எது புரிந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

"இது நல்லா இருக்குதே! ஏமாத்துனவன் அவன். ஏமாந்தவன் நான். போராடிக் காச வாங்கிட்டு வந்தா, குத்தவாளியும் நானா?"

"நீங்க பண்ணுனது நியாயந்தானுங்ணா."

"அப்புறம் என்ன? அவன் யாருக்கு வித்தா எனக்கென்ன? அது அவன் பாவம். ஊர்ல கடை வெச்சிருக்கறவன் பண்ற அக்கிரமத்துக்கெல்லாம் நான் காவலா? கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்குதுங்ணா. திங்கக்கிழமை திறப்பாங்க. கடை இப்பத் திறந்திருக்குது."

"அம்மணி!"

"மூவாயிரத்து இருநூறு ரூபாச் சக்க வாங்கறதுக்கு யாருங்ணா வருவாங்க?"

"யாரு வருவா? என்னை மாதிரி எவனாவது..."

மருதாசலம் பாதியில் நிறுத்திவிட்டார். குரு மறுபடியும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.  மருதாசலம் ஷெட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நடை நடந்தார். ஸ்டூலைக் காலால் ஒரு எத்து எத்தினார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வழி நெடுகத் திட்டிக்கொண்டேதான் போனார். கதிரேசனைத் திட்டினார், குருவைத் திட்டினார், சக் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. ஆனால் வண்டி என்னவோ வேகமாகத்தான் போனது.

கடையில் அந்த டப்பா அலமாரியில் இல்லை. மேசைமேல் இருந்தது. அதற்கு முன்னால் நாற்பது வயது இருக்கும் ஒருத்தர், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குன்னா இது போதுமுங்க. அருமையான சக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த கதிரேசன், மருதாசலத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மருதாசலம் ஹெல்மெட்காரரிடம் போனார். "ஏனுங்க, எந்த ஊரு?"

"சோமனூருங்க."

"கடைசல் யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க. போன்ல வீடியோ பாத்து நானாத்தான்."

"சுவிட்சு போடறப்ப எங்க நிப்பீங்க?"

"எங்க நிக்கறதுங்க? நேராத்தான். அப்பத்தான உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்?"

மருதாசலம் டப்பாவைக் காட்டினார். "இத வாங்காதீங்க. நாலாம் தாடை உள்ள உடைஞ்சிருக்குது. நேத்துத்தான் கிண்ணம் கழண்டு போய் என்ற வீட்டுக் கதவுல குத்துச்சு."

ஹெல்மெட்காரர் கதிரேசனைப் பார்த்தார். கதிரேசன் சிரித்தார்.

"இவரு இப்படித்தானுங்க. காலையில ஒரு ரவுண்டு சண்டை போட்டுட்டுப் போனாரு."

"டேப்பப் பிரிய்யா! பிரிச்சு அந்தத் தாடையக் காட்டு!"

"காசு குடுத்தவங்க பிரிச்சுக்கட்டும். இது என் கடை வழக்கம். சார் பேசி முடிச்சுட்டாரு, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

ஹெல்மெட்காரர் பர்ஸை வெளியே எடுத்தார். சோமனூரில் இருந்து இவ்வளவு தூரம் வந்தவருக்கு, யாரோ ஒரு கிழவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு போக மனசு வருமா?

மருதாசலம் டப்பாவின் மேல் கையை வைத்தார். "நான் வாங்கிக்கறேன். மூவாயிரத்து ஐநூறு."

"ஏனுங்க பெரியவரே!" ஹெல்மெட்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பேசி முடிச்ச பொருள நடுவுல வந்து புடுங்கறீங்களே, நியாயமா?"

"நியாயமில்லதான். மூவாயிரத்து எட்நூறு."

"நாலாயிரம்" என்றார் கதிரேசன்.

மருதாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாயிரத்தை எண்ணி வைத்தார். காலையில் எந்த மேசையில் வாங்கினாரோ அதே மேசையில், அதற்கு மேலேயும் சேர்த்து.

கதிரேசன் தெருமுனை டீக்கடைக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "எல்லாரும் பாத்துக்கங்க. காலையில இத ஆளைக் கொல்ற சக்குன்னாரு. மத்தியானம் நாலாயிரம் குடுத்து எடுத்துட்டுப் போறாரு. நம்ம கடைப் பொருளோட தரம் இப்பத் தெரியுதுங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காலையில் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த ஆட்களும் சிரித்தார்கள்.

ஹெல்மெட்காரர் கேட்டார்: "அவ்வளவு மோசமான சக்குன்னா உங்களுக்கு எதுக்குங்க?"

கேள்வி சரிதான். மருதாசலம் யோசித்தார். பதில் சொல்லலாம், ஆனால் இந்தச் சிரிப்புக்கு நடுவில் அது யார் காதில் ஏறும்? "கணபதியில கோகிலவாணின்னு ஒருத்தங்க இருக்காங்க. சக்கு வாங்கறதுக்கு முன்னால அவங்களப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

"உங்க சொந்தக்காரங்களா?" என்றார் ஹெல்மெட்காரர். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது, இந்தத் தடவை ஹெல்மெட்காரரும் பல் தெரியச் சிரித்தார்.

மருதாசலம் திரும்பி வந்து டப்பாவைக் குருவின் காலடியில் தொப்பென்று போட்டார். குரு அதைப் பிரித்தார். சாவி போட்டு நாலாம் தாடையை வெளியே எடுத்தார். முறிவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பட்டறைக் கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். ரெண்டாவது அடியில் தாடை துண்டாயிற்று. அப்புறம் சக்கையும் துண்டுகளையும் எடுத்துப் பழைய இரும்பு டின்னில் போட்டார்.

"போச்சு" என்றார் மருதாசலம். "நாலாயிரம் ரூபா பழைய இரும்புக்குப் போச்சு."

"ஆமாங்ணா."

"காசு போனாப் போகுது அம்மணி. என்ற மானம் போச்சுங். காலையில நான் பேசுனதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஒண்ணுகூடத் தப்புக் கிடையாது. இப்ப அந்தக் கடையில நான் கோமாளி! இனி அந்தத் தெருவுல வண்டிய நிறுத்த முடியுமா? அந்த அயோக்கியன் யோக்கியனாயிட்டான். என்னைக் காட்டியே அவன் இன்னும் நாலு சக்கு விப்பான்!"

"திங்கக்கிழமை நானும் வர்றேனுங்ணா. அந்தத் துருப்புடிச்ச துண்டையும் வெச்சுக் கோர்ட்டுல எழுதிக் குடுப்போம்."

"குடுப்போம், குடுப்போம், விடறதா இல்ல! அவன் சிரிச்சாக்கூடத் தாங்கிக்குவேன். ஆனா சக்கு வாங்க வந்த அந்தச் சோமனூர்க்காரன், சுத்தற மரத்துக்கு நேரா மூஞ்சிய வெச்சு நிக்கறவன்! யாருக்காக இந்த வெயில்ல வண்டிய முறுக்கிட்டுப் போனேன்? அவனுக்காக. அவன் கேக்கறான், உங்களுக்கு எதுக்குங்கன்னு. கேட்டுட்டுச் சிரிக்கறான். என்ற மூஞ்சியப் பாத்து, பல்லெல்லாம் தெரியற மாதிரி சிரிக்கறான் அம்மணி!"

 சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரு கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். பிறகு கேட்டார்:

"பல்லெல்லாம் இருந்துச்சுங்களாண்ணா?"